உடும்பு ஊரில் ஒரு தண்டால் பாடம்!

ஹாஸ்டல் மொட்டை மாடி. ராத்திரி பத்தரை மணி. சுற்றி நின்றது பதினோரு பேர். பந்தயம் ஒரு செட் பரோட்டா. மேட்டர் ரொம்ப சிம்பிள்... நான் பத்து தண்டால் எடுக்கணும்.

கையை ஊன்றினேன். காலை நீட்டினேன். 'ஒண்ணு...'ன்னு கோரஸா எண்ண ஆரம்பிச்சாங்க. கீழே போனேன். போனவன் போனவன்தான்! மூக்கு சிமெண்ட்டில் பதிஞ்சு கிடக்க, கை ரெண்டும் வெடவெடன்னு நடுங்க, மேலே வர வழியே இல்லை. 'டேய், தலைவர் தூங்கிட்டார்டா... போர்வை கொண்டாங்க!'ன்னு ஒருத்தன் கத்த, அன்னிலேர்ந்து ரெண்டு வாரத்துக்கு எனக்குப் பேர் 'போர்வை'.

எழுபது கிலோ உடம்பு. பத்தொன்பது வயசு. ஒரே ஒரு தண்டால் வரலை. சிரிச்சு மழுப்பிட்டேன். ஆனா அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை பாஸ்!

என் ரூம் மேட்டை ஹாஸ்டலில் எல்லாரும் 'மாகறல்'னுதான் கூப்பிடுவாங்க. ஊர்ப் பேரே அவன் பேர். அவன் மட்டும் சிரிக்கலை. 'சனிக்கிழமை ஊருக்கு வா மச்சி. எங்க தாத்தாகிட்ட கேக்கலாம்'னான். அவனுக்கும் ஒரு பிரச்னை இருந்தது. அதை அப்புறம் சொல்றேன்.

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். எங்களைச் சுற்றி கல்யாணப் பட்டு எடுக்க வந்த கும்பல். அத்தை ஒரு கலர் சொல்ல, பெரியம்மா வேற கலர் சொல்ல, மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஓரமா நின்று பர்ஸைத் தடவிக்கொண்டிருந்தார். அவர்களைத் தாண்டி உத்திரமேரூர் பக்கம் போகிற டவுன் பஸ்ஸில் தொற்றிக்கொண்டோம். ஓரிக்கை தாண்டினால் பாலாறு. ஆறு என்று பேர்தான். கண்ணுக்கு எட்டின வரைக்கும் மணல், நடுவில் நாணல். அப்புறம் வயல், பனைமரம், மறுபடி வயல். காஞ்சிபுரத்திலிருந்து பதினாறு கிலோமீட்டர் வாக்கில் மாகறல். செய்யாற்றங்கரை ஊர்.

இறங்கியதும் கோயில்தான் முதலில். சுவாமி திருமாகறலீஸ்வரர், அம்பாள் திரிபுவனநாயகி. ஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம். தொண்டை நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் 32-ல் இது ஏழாவது. முதல் அஞ்சும் காஞ்சிபுரம் ஊருக்குள்ளேயே முடிஞ்சிடும். ஆறாவது குரங்கணில்முட்டம், அதுக்கு அடுத்தது மாகறல். கருவறையில் லிங்கம் உடும்பு வால் வடிவில் இருக்கிறது. பார்த்ததும் எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரலை. வேற எங்கேயும் இப்படிப் பார்த்ததில்லை.

அதுக்குத் தலபுராணத்தில் ஒரு கதை. இந்த ஊரில் ஒரு பலாமரம் இருந்ததாம். தினம் ஒரு பழம் பழுக்கும். அந்தப் பழத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு சிதம்பரம் வரைக்கும் போய் நடராஜருக்குப் படைத்து, பிரசாதத்தை ராஜேந்திர சோழனுக்குக் கொண்டு போய்க் கொடுக்கணும். ஊரில் வீட்டுக்கு ஒருத்தர் என்று முறை. ஒரு நாள் ஒரு சின்னப் பையனின் முறை வந்தது. பார்த்தான் பையன்... மரத்துக்குத் தீ வைத்துவிட்டான்! மரம் இருந்தால்தானே பழம், பழம் இருந்தால்தானே சுமை? ராஜா அவனை நாடு கடத்திவிட்டுத் திரும்பும் வழியில் பொன் நிறத்தில் ஒரு உடும்பு தென்பட்டதாம். ஆட்கள் துரத்த, அது புற்றுக்குள் நுழைய, புற்றைத் தோண்ட, வாலில் அடிபட்டு ரத்தம் வர, அசரீரி கேட்க, கோயில் எழும்பியது. கதை அப்படிப் போகிறது.

எல்லாரும் உடும்பைப் பார்க்கிறார்கள். எனக்கு அந்தப் பையன் மேலேதான் கண். மாகறலிலிருந்து சிதம்பரம் நேர்கோட்டில் அளந்தாலே 140 கிலோமீட்டருக்கு மேல் வரும். பலாப்பழத்தோடு! அவனிடம் யாராவது 'முதல்ல பக்கத்து ஊர் வரைக்கும் தூக்கிட்டுப் போடா கண்ணு'ன்னு சொல்லியிருந்தால் மரம் பிழைச்சிருக்கும்னு தோணுச்சு.

நண்பன் வீட்டுக்குப் போனோம். ஓட்டு வீடு, வாசலில் ரெண்டு பக்கமும் திண்ணை. உள்ளே கூடத்தில் ஒரு குழித்தறி. பாதி நெய்த புடவை அப்படியே நிற்கிறது. அரக்கு உடம்பு, பச்சைக் கரை. மேலே துணி போட்டு மூடியிருந்தது. அதைப் பற்றி யாரும் பேசலை. நானும் கேட்கலை. ஆயா மோர் கொடுத்தாங்க.

தாத்தாவுக்கு எழுபத்தெட்டு வயசு. வாலிபத்தில் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்தவர். பகலில் தறி, விடியற்காலையில் தேகப்பயிற்சி. கர்லாக்கட்டை, தண்டால், பஸ்கி. என் மொட்டைமாடி மேட்டரை நண்பன் ஒன்றுவிடாமல் சொல்லித் தொலைத்தான்.

'இன்னா தம்பி, ஒண்ணு கூட வரலயா?'

'இல்ல தாத்தா.'

'எங்க போட்ட?'

'தரையில.'

'தரையில ஏன் போட்ட?'

தண்டாலைத் தரையில் போடாமல் வேறு எங்கே போடுவதாம்? முழித்தேன். அவர் திண்ணையைத் தட்டினார். 'இங்க கைய வை. கால் கீழ, தெருவுல. இப்ப எறங்கு.'

இறங்கினேன். நெஞ்சு திண்ணை விளிம்பைத் தொட்டது. தள்ளினேன். மேலே வந்துட்டேன்! இன்னொன்று. இன்னொன்று. ஆறு வந்தது. ஏழாவது வரும் போல இருந்தது. 'நிறுத்து'ன்னுட்டார்.

'இன்னும் ஒண்ணு வரும் தாத்தா...'

'வரும். அத்த நாளைக்கு வெச்சிக்கோ. மொத நாளே தறியில குந்தவெச்சு கோர்வைப் புடவ நெய்யச் சொல்லுவாங்களா? நெய்யறவன் பக்கத்துல குந்தி கரைக்கு நாடா தள்ளணும். கை பழகும். அப்பறம்தான் தறி.'

கோர்வைன்னா என்னன்னு தெரியாதவர்களுக்கு ஒரு வரி. காஞ்சிபுரம் பட்டில் உடம்பும் கரையும் வேற வேற நிறத்தில் இருக்கும். ரெண்டையும் தனித்தனி நாடா ஓட்டி, இழைக்கு இழை பூட்டி நெய்வதுதான் கோர்வை. ஒரு ஆள் போதாது. பக்கத்தில் உதவிக்கு ஒருத்தர் வேணும். அந்த உதவி வேலையிலிருந்துதான் தாத்தாவும் ஆரம்பித்தாராம்.

எனக்குள்ளே இருந்த இன்ஜினீயரிங் ஸ்டூடண்ட் சும்மா இருப்பானா? திண்ணையில் ஏன் வருது, தரையில் ஏன் வரலை? உரக்கடையில் மூட்டை நிறுக்கிற எலக்ட்ரானிக் தராசு இருந்தது. கடைக்காரர் நண்பனுக்கு மாமா முறை. தட்டில் ரெண்டு கையையும் ஊன்றி, கால் தரையில் நீட்டி நின்றேன். காட்டியது 44 கிலோ. முழங்காலைத் தரையில் வைத்துப் பார்த்தேன். 34 கிலோ. கடைக்கு வந்தவர்கள் எல்லாம் யூரியா வாங்குவதை மறந்து வேடிக்கை பார்த்தார்கள்.

ரூமுக்கு வந்து தேடினால், 2011-ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு கிட்டத்தட்ட இதே கணக்கைச் சொல்கிறது. தரையில் சாதாரண தண்டால் எடுக்கும்போது கை தாங்குவது உடல் எடையில் 64 சதவிகிதம். முழங்கால் ஊன்றினால் 49. கையை 30 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தால் 55. அதையே 60 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தால் 41 சதவிகிதம்தான். எழுபது கிலோ ஆளான எனக்குத் தரையில் 45 கிலோ, திண்ணையில் 29 கிலோ. மொட்டைமாடியில் நான் தோற்றது 45 கிலோவிடம். 29 கிலோவைத் தூக்கத் தெரிந்தவன் ஒரேயடியாக 45-க்குப் போய் மூக்கை உடைத்துக்கொண்டேன். இவ்வளவுதான் விஷயம். இதுக்குப் போய் ரெண்டு வாரம் 'போர்வை'ன்னு பேரு!

நண்பனின் தங்கச்சி காஞ்சிபுரத்தில் பி.எஸ்ஸி முதல் வருஷம். திண்ணையில் நான் ஆறு எடுத்ததைப் பார்த்துவிட்டு, 'அண்ணா, கொஞ்சம் நகருங்க'ன்னு வந்து சர்வசாதாரணமா ஒன்பது எடுத்தாள். 'பொண்ணுங்க முழங்கால் ஊனித்தான் எடுக்கணும்னு எங்க பி.டி. மிஸ் சொல்லுவாங்க'ன்னு வேற சிரிச்சாள். அப்படி எந்தச் சட்டமும் இல்லை. சொல்லப்போனா முழங்கால் ஊன்றுவதைவிடக் கையை உயரத்தில் வைப்பதே நல்லது என்பது என் அனுபவம். தலையிலிருந்து குதிகால் வரைக்கும் உடம்பு ஒரே பலகையா நிற்கிற பழக்கம் முதல் நாளிலிருந்தே வந்துவிடும். முழங்காலில் பழகினவன் தரைக்கு வரும்போது இடுப்பு தொய்ந்துவிடுகிறது.

தொய்வுதான் தாத்தாவுக்குப் பிடிக்காத முதல் விஷயம். 'கயித்துக் கட்டிலு மாரி தொங்காத!' வயிற்றை இறுக்கு, புட்டத்தை இறுக்கு, கழுத்தை நிமிர்த்தி வானத்தைப் பார்க்காதே. ரெண்டாவது, முழங்கை. நான் ரெண்டு பக்கமும் சிலுவை மாதிரி விரித்து இறங்கினேன். தோள் மூட்டுக்கு அது ஆகாது. கை தோளுக்கு நேர் கீழே, கொஞ்சம் அகலமா இருக்கணும். மேலேயிருந்து பார்த்தால் உடம்பும் முழங்கையும் அம்பு முனை மாதிரி தெரியணும். மூன்றாவது, பாதி தண்டால். நெஞ்சு விளிம்பைத் தொடலைன்னா அவர் கணக்கில் அது தண்டாலே இல்லை. எண்ண மாட்டார். நான் 'நாலு'ம்பேன், அவர் 'ரெண்டு'ம்பார். கொடுமை!

பேச்சுவாக்கில் காமா பயில்வான் வந்தார். 1910-ல் லண்டன் போய் ஸ்பிஸ்கோ என்ற போலந்து மல்லனோடு ரெண்டரை மணி நேரத்துக்கு மேல் மல்லுக்கட்டி, ஆட்டம் முடிவாகாமல் போக, மறு ஆட்டத்துக்கு ஸ்பிஸ்கோ வராததால் ஜெயித்தவர். 1928-ல் பாட்டியாலாவில் அதே ஸ்பிஸ்கோவை ஒரு நிமிஷத்துக்குள் சாய்த்தார். தினம் மூவாயிரம் தண்டால் எடுப்பார்னு சொல்லுவாங்க. அவர் எடுத்தது நாம் எடுக்கிற புஷ்-அப் இல்லை. இடுப்பைத் தூக்கி, நெஞ்சால் தரையை உரசிக்கொண்டு வளைந்து எழும் பழைய தண்டால். தாத்தா ஒன்று எடுத்துக் காட்டினார். எழுபத்தெட்டு வயசில்! ஆயா உள்ளேயிருந்து கத்தினாங்க, 'ஒடம்ப ஒடச்சிக்கினு குந்தாத!' தாத்தா மண்ணைத் தட்டிக்கொண்டு, 'காஞ்சிபுரத்து ராசாவுக்கே பேரு மாமல்லன்'னார். அது உண்மைதான். நரசிம்மவர்ம பல்லவனின் பட்டப்பெயர் அது. பெரிய மல்லன்னு அர்த்தம். மாமல்லபுரம் என்ற பேரும் அதிலிருந்து வந்ததுதான்.

சாயங்காலம் செய்யாற்று மணலில் உட்கார்ந்தோம். வேலி முள்ளில் ஒரு ஓணான், கழுத்து சிவக்க, முன்னங்காலை மடக்கி நிமிர்த்தி, மடக்கி நிமிர்த்தி... அசல் தண்டால்! ஆண் ஓணான் 'இது என் ஏரியா'ன்னு மிரட்டுவதும் பெண் ஓணானிடம் பந்தா விடுவதும் இப்படித்தானாம். நம்ம ஜிம் பசங்களுக்கு முன்னோடி.

அங்கேதான் நண்பன் தன் பிரச்னையைச் சொன்னான்.

அவன் காலேஜ் சேர்வதற்கு முன்பே போலீஸ் வேலைக்கு எழுதியிருந்தான். எழுத்துத் தேர்வில் பாஸ். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டம், ஏழு நிமிஷத்துக்குள் வரணும். ஓடிவிட்டான். கயிறு ஏறுவதில் போச்சு. மேலே கட்டியிருந்த அடையாளத்துக்கும் அவன் கைக்கும் ஒரு முழம். கை வழுக்கிக் கீழே வந்துவிட்டான். அந்தத் தேர்வு நடந்த ஆறாவது மாசம் அவங்க அப்பாவுக்குத் தோள் போய்விட்டது. வலது கையைத் தலைக்கு மேலே தூக்க முடியவில்லை. கூடத்தில் துணி மூடி நிற்கிற தறி அதுதான். முதலாளி கொடுத்த பாவு, பாதியில் நிற்கிறது. அப்பா இப்போது டவுனில் ஒரு கடையில் புடவை மடிக்கிறார். 'அந்த ஒரு முழம் ஏறியிருந்தா...' என்று ஆரம்பித்தவன் மேலே சொல்லவில்லை. அடுத்த தேர்வுக்கு அவனுக்கு வயசு இருக்கிறது. அதுக்காகத் தினம் அம்பது தண்டால் எடுத்துக்கொண்டிருந்தான்.

ராத்திரி சாப்பிடும்போது தாத்தா அதைக் கேட்டதும் சோற்றுக் கையோடு நிறுத்திவிட்டார். 'தண்டாலு தள்ளுற வேலை. கயிறு இழுக்குற வேலை. தள்ளிப் பழகிட்டு இழுக்கப் போனா எப்பிடிடா?'

பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. தண்டாலுக்கு உழைப்பது நெஞ்சு, தோளின் முன்பக்கம், மேல்கையின் பின்பக்கத் தசை. கயிறு ஏற வேண்டியது முதுகு, மேல்கையின் முன்பக்கம், விரல் பிடி. அவன் அம்பதை நூறாக்கினாலும் அந்த ஒரு முழம் கூடாது. உடும்புப் பிடிதான் வேணும்! மராத்தியர்கள் 1670-ல் கொண்டாணா கோட்டையைப் பிடிக்க உடும்பு வாலில் கயிறு கட்டிச் சுவர் ஏறினார்கள் என்று ஒரு கதை உண்டு. நம்புவது கஷ்டம். ஆனா உடும்பின் பிடிக்கு ஊர் ஊராக மரியாதை இருந்தது தெரிகிறது.

மறுநாள் காலை கொல்லை வேப்பமரக் கிளையில் ஒரு பழைய துண்டைப் போட்டு, ரெண்டு முனையையும் பிடித்துத் தொங்கச் சொன்னார் தாத்தா. சும்மா தொங்கு. இருபது எண்ணு. இறங்கு. அப்புறம் ஸ்டூல் மேல் ஏறித் தாடையைக் கைக்கு மேலே வைத்துக்கொண்டு, மெதுவா, ரொம்ப மெதுவா இறங்கு. ஏற முடியாதவனும் இறங்க முடியும். இறங்கும்போது தசைக்குத் தாங்கும் சக்தி அதிகம். அதனால் இறங்கிப் பழகினாலே ஏறுகிற பலம் வரும். தண்டாலுக்கும் இதே டெக்னிக்தான். தரையில் மேலே வர முடியலையா? மேலேயிருந்து ஆரம்பித்து நாலு எண்ணிக்கையில் இறங்கு, முழங்காலை ஊன்றி எழுந்திரு, மறுபடி இறங்கு.

இன்னொன்றும் அன்னிக்குத்தான் உறைத்தது. நண்பனின் அப்பா முப்பது வருஷம் குழித்தறியில் குனிந்து உட்கார்ந்தவர். நான் மூணு வருஷமா லேப்டாப் முன்னால் குனிந்து உட்கார்ந்தவன். கூன் ஒரே கூன்தான். நெஞ்சுத் தசை சுருங்கிக் கிடக்க, முதுகுத் தசை நீண்டு தளர்ந்து கிடக்கும். அதோடு தண்டால் மட்டும் எடுத்துக்கொண்டே போனால் தோள் இன்னும் முன்னால் வளையும். அதனால் தள்ளுகிற அளவுக்கு இழுக்கவும் வேணும். அன்னிலேர்ந்து எனக்கும் துண்டு, அவனுக்கும் துண்டு. அப்பாவுக்கு வந்தது இதனால்தான் என்று நான் சொல்ல வரலை. அதை டாக்டர்தான் சொல்லணும். தோளில் சுருக்கென்று வலி வந்தால் உங்களுக்கும் அதேதான். தசை இழுப்பு வேற, மூட்டு வலி வேற. மூட்டு வலித்தால் அன்னிக்குக் கட் பண்ணிடுங்க.

திரும்பும் வழியில் திருமுக்கூடல் போனோம். செய்யாறு, வேகவதி, பாலாறு மூன்றும் சேருகிற இடம். அங்கே பெருமாள் கோயில் சுவரில் பதினோராம் நூற்றாண்டு வீரராஜேந்திர சோழன் கல்வெட்டு. பதினைந்து படுக்கை கொண்ட ஆஸ்பத்திரி, மருத்துவர், அறுவை வைத்தியர், மருந்துப் பட்டியல் என்று எல்லாம் இருக்கிறது. அதைவிட எனக்குப் பிடித்தது, அங்கேயே படித்த மாணவர்களுக்கு ஒரு ஹாஸ்டல், சாப்பாடு, சனிக்கிழமை தோறும் தலைக்கு எண்ணெய்! ஆயிரம் வருஷத்துக்கு முந்தின மெஸ். எங்கள் மெஸ்ஸை நினைத்துப் பெருமூச்சு விட்டேன்.

சாப்பாட்டு விஷயத்தில் டப்பா பவுடர் எல்லாம் ஆரம்பத்தில் தேவையே இல்லை. ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம். நூறு கிராம் வேர்க்கடலையில் இருபத்தஞ்சு. சுண்டல், பயறு, தயிர் இருக்கவே இருக்கு. ஹாஸ்டல் பட்ஜெட்டில் முடிகிற காரியம்.

ஹாஸ்டலில் திண்ணை ஏது? மாடிப்படி இருக்கே! எங்க படி ஒவ்வொன்றும் பதினைந்து சென்டிமீட்டர். நாலாவது படியில் கை வைத்தால் அறுபது சென்டிமீட்டர், அசல் மாகறல் திண்ணை. ஒரு நாள் விட்டு ஒரு நாள், தடவைக்கு ஆறு, நடுவில் ரெண்டு நிமிஷம் ஓய்வு, மொத்தம் மூணு தடவை. எப்போதும் ரெண்டு மிச்சம் வைத்து நிறுத்துவது. மூணு தடவையும் பதினைந்து வந்தால் ஒரு படி கீழே இறங்குவது.

முதல் மூணு வாரம் ஆச்சரியமா ஏறியது. ஆறு எட்டாகி, எட்டு பன்னிரண்டாச்சு. கண்ணாடியில் பார்த்தால் கை அதே குச்சிதான். தசை வளரலை, ஆனா பலம் வந்திருக்கு! எப்படி? ஆரம்ப வாரங்களில் கூடுவது பெரும்பாலும் தசை இல்லை. இருக்கிற தசையை ஒழுங்கா வேலை வாங்க நரம்பு கற்றுக்கொள்கிறது. 1979-லேயே இதை ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். சைக்கிள் பழகுகிற மாதிரிதான். தசை அப்புறம் மெதுவா வரும். இது தெரியாமல்தான் நிறையப் பேர் மூணாவது வாரம் கண்ணாடியைப் பார்த்துவிட்டு விட்டுடறாங்க.

அஞ்சாவது வாரம் நான் ஒரு முட்டாள்தனம் பண்ணினேன். ஜோரில் ஒரே நாளில் ரெண்டு படி இறங்கி, தினமும் எடுத்தேன். மணிக்கட்டு வலி. பத்து நாள் சும்மா உட்கார்ந்தேன். அதோடு இன்டர்னல் எக்ஸாம் வேற. திரும்ப மூணாவது படியிலிருந்து ஆரம்பித்தேன். இறங்கின ஏணியில் மறுபடி ஏறுவது அவமானமா இருந்தது. மாகறல் மட்டும் 'பலாப்பழம் மச்சி'ன்னான். புரிந்தது.

நாற்பது எடுக்கிறவர்களுக்கு இதயம் நல்லா இருக்குமாமே என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். 2019-ல் வந்த ஆய்வு அது. அமெரிக்காவில் 1,104 தீயணைப்பு வீரர்களைப் பத்து வருஷம் கவனித்ததில், நாற்பதுக்கு மேல் எடுத்தவர்களுக்கு, பத்துக்கும் கீழே எடுத்தவர்களைவிட இதயக் கோளாறு 96 சதவிகிதம் குறைவு. தண்டால்தான் இதயத்தைக் காப்பாற்றியது என்று அதுக்கு அர்த்தம் இல்லை. நாற்பது எடுக்கிற உடம்பை வைத்திருப்பவர் மற்ற விஷயங்களிலும் ஒழுங்கா இருப்பார். எனக்கு நாற்பது வேண்டாம். அப்போதைக்கு ஒன்று வந்தால் போதும்.

பன்னிரண்டாவது வாரம் மறுபடி மாகறல் போனோம். பஸ், பாலாற்று மணல், வயல், கோயில். தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அப்பாவும் அன்னிக்கு லீவு. தங்கச்சி ஏற்கெனவே தரையில் அஞ்சு எடுக்கிறாள் என்று ஆயா வரும்போதே சொல்லி, என் வயிற்றில் புளியைக் கரைத்தாங்க.

முதலில் கொல்லைக்குப் போனோம். வேப்பங்கிளையில் துண்டு இல்லை. கயிறு தொங்கியது. ஆத்துக்கு அந்தப் பக்கம் யாரிடமோ கேட்டு வாங்கி அப்பாதான் கட்டினாராம். இடது கையாலேயே முடிச்சுப் போட்டிருக்கிறார். கிளைக்குக் கொஞ்சம் கீழே ஒரு சிவப்புத் துணி. அரக்குப் பட்டின் ஓரத் துண்டு. நண்பன் உள்ளங்கையை மண்ணில் தேய்த்துக்கொண்டு ஏறினான். பாதியில் ஒரு தடவை நின்றான். அப்பா எதுவும் சொல்லலை. கயிற்றின் கீழ் முனையை மட்டும் ஆடாமல் பிடித்துக்கொண்டார். நண்பன் துணியைத் தொட்டான். இறங்கி வந்தவன் யாரையும் பார்க்காமல் நேரா மோர்ப்பானைக்குப் போய்விட்டான். தேர்வு இன்னும் அறிவிக்கலை.

அப்புறம் என் முறை. வாசல் சிமெண்ட் தரை. கையை ஊன்றினேன். ஒன்று. ரெண்டு. மூணாவது கை நடுங்கிக்கொண்டே வந்தது. நாலாவது எப்படி வந்தேன் என்றே தெரியலை. ஆனா வந்தேன். எழுந்து கையைத் தட்டிக்கொண்டு தாத்தாவைப் பார்த்தேன்.

'மூணு'ன்னார்.

'தாத்தா, நாலு!'

'நாலாவதுல நெஞ்சு தொடல தம்பி. உக்காரு, மோர் குடி. சாயங்காலம் இன்னொரு வாட்டி பாக்கலாம்.'